பாக்கெட் மூலையில் ஒரு செம்புப் பொட்டு

வயலுக்கும் தொழுவத்துக்கும் போட்டுப் போகும் பேன்ட் நடுத்துணியில் சட்டென்று கிழிவதில்லை. பாக்கெட் வாயின் மூலையில் முதல் நூல் தெறிக்கும். அடுத்து கவட்டு மூட்டு விடும். வேலை முடிந்த இரவில் ஊசி நூலோடு உட்காருகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். 1870-71 குளிர்காலத்தில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில், ஜேக்கப் டேவிஸின் தையல் கடைக்கு வந்த பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணவர் விறகு வெட்டுபவர், பெருத்த உடம்புக்காரர். எந்தப் பேன்டும் அவரிடம் நிலைக்கவில்லை. நாள்படத் தாங்குகிற மாதிரி ஒன்று தைத்துக் கொடுங்கள் என்று மூன்று டாலர் கொடுத்தார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர் அந்தப் பெண்தான்.

டேவிஸ் அப்போது குதிரைப் போர்வைகளும் கூடாரங்களும் தைத்துக்கொண்டிருந்தார். போர்வையில் வார் பொருத்தும் செம்பு ரிவெட்டுகள் மேசைமேல் கிடந்தன. வெள்ளைக் கித்தானில் பேன்டைத் தைத்து முடித்தவர், பாக்கெட் மூலைகளில் அந்த ரிவெட்டுகளை வைத்து அடித்தார். அவ்வளவுதான். மற்ற தொழிலாளிகளும் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

கித்தான் வாங்கியது சான் பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸிடம். காப்புரிமைச் செலவை ஏற்றால் உரிமையில் பங்கு தருகிறேன் என்று 1872இல் டேவிஸ் அவருக்கு எழுதினார். 1873 மே 20 அன்று 139121ஆம் எண் காப்புரிமை கிடைத்தது. பிறகு நீல டெனிம் வந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் அமோஸ்கெக் ஆலைத் துணி.

பழைய ஜீன்ஸின் ஓரத்திலிருந்து ஒரு நீல இழையை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருக்கும். பாவு நூலின் மேற்பரப்பில் மட்டும்தான் சாயம் ஏறியிருக்கிறது. ஊடைக்கோ சாயமே இல்லை. முழங்கால் தேயத் தேய வெளுப்பது இதனால்தான். ஜெர்மனியின் செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வரும்வரை, உலகுக்கு நீலம் தந்த செடிகளில் அவுரி முதன்மையானது. திண்டிவனம் பக்கம் இன்றும் அதைத் தொட்டியில் ஊறவைத்துச் சாயம் எடுக்கிறார்கள்.

ரிவெட்டையும் காலம் திருத்தியது. பின்பாக்கெட் ரிவெட் குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகிறது என்ற புகாரால் 1937இல் அதைத் துணிக்குள் மறைத்தார்கள். கவட்டிலும் இருந்த ரிவெட், இரண்டாம் உலகப் போரின் உலோகச் சிக்கனத்தில் போயிற்று.

இன்று பண்ணை வேலைக்குப் பேன்ட் எடுக்கப் போகிறவர் அதை உள்வெளியாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கால் மூட்டு, துணி ஓரம் தெரியாதபடி மடித்து இரட்டை, மூன்று வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கிறதா? கடையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். கவட்டில் இழுத்தால் வேண்டாம். ரொம்பக் கனமான துணி நனைந்தால் லேசில் காயாது. வெல்டிங் பொறி படும் வேலைக்குப் பருத்திதான் நல்லது. செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும்.

முழங்காலில் இரட்டைத் துணி வைத்த பேன்டுகள் சிலவற்றில், அந்த மேல்துணியின் அடியோரத்தைத் தைக்காமல் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். முழங்கால் மெத்தை செருக அது வழி. நாளெல்லாம் மண்டியிட்டு வேலை செய்த பிறகு எழுந்து நின்று காலை உதறினால், உள்ளே சேர்ந்த வைக்கோல் தூசியும் அந்த வழியாகக் கொட்டிவிடும்.