யாழ்ப்பாணத்து வம்ச வரலாறும் காணி உறுதிகளும்

அமெரிக்க தேசத்து நியூஜெர்சிப் பிரதேசத்திலே பிறந்து, மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டு, 1820ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பிலே வைத்தியத் தொண்டைத் தொடங்கிய ஜோன் ஸ்கடரின் சந்ததியை ஆராயப் புகுவோனுக்கு வழி அத்துணைக் கடினமானதன்று. 1822இல் யாழ்ப்பாணத்திலேயே பிறந்த அவருடைய புதல்வர் ஹென்றி மார்ட்டின் முதல், வேலூரில் 1900இல் தம் வைத்தியப் பணியைத் தொடங்கிய பேர்த்தி ஐடா வரை, ஸ்கடர் என்னும் குலப்பெயர் ஞானஸ்நானப் பதிவிலும் கல்லறையிலும் மாறாது நிற்றலால், பெயரைப் பற்றிக்கொண்டே பல தலைமுறைகளைக் கடந்துவிடலாம். இன்று கடல் கடந்து வாழும் எம்மவரின் பிள்ளைகள் இம்முறையையே தங்கள் குடும்பங்களின்மேலும் பிரயோகித்து, பாட்டனாருக்கு அப்பால் ஓரடியும் நகர இயலாமல் சோர்வடைகின்றனர். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் தொடர்ச்சி பெயரிலன்று, காணியிலேயே, அதிலும் விசேஷமாகப் பெண்வழி இறங்கிய சீதனக் காணியிலேயே தங்கியிருக்கின்றது என்பதே என் துணிபு.

யாவரும் அறிந்த ஒரு குடும்பத்தைக்கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பருத்தித்துறைப் பக்கத்துக் கெருடாவிலைச் சேர்ந்த ஆறுமுகம்பிள்ளையின் புதல்வர் குமாரசுவாமி (1783–1836) கேட் முதலியார் என்னும் பதவிக்கு உயர்ந்து, 1833இல் தோன்றிய இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழரின் முதற் பிரதிநிதியாக அமர்ந்தார். அவருடைய மகன் சேர் முத்து குமாரசுவாமி. முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதாகிய எலிசபெத் பீபிக்கும் 1877இல் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. எம்மவர் வழக்கப்படி பிதாவின் பெயராக மட்டும் ஒரு தலைமுறைக்கு நின்று மறைந்திருக்க வேண்டிய அப்பெயர், இங்கிலாந்திலும், ஆனந்தர் 1917இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் சேர்ந்தபின் அமெரிக்காவிலும், குலப்பெயராகவே உறைந்துவிட்டது. மற்றொரு புறத்தில், அதே முதலியாரின் புத்திரி செல்லாச்சி அம்மையார் மானிப்பாய்ப் பொன்னம்பல முதலியாரை மணந்து பெற்ற மைந்தர்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆவர். இராமநாதனும் ஆனந்தரும் அத்தை மகனும் மாமன் மகனுமாகிய மச்சான்மார் என்பதைப் பெயரை மாத்திரம் பார்ப்போன் எக்காலத்தும் காணமாட்டான். செல்லாச்சி அம்மையார் என்னும் ஒரு பெண்ணின் வழியாகச் சென்றாலன்றி அவ்வுறவு வெளிப்படாது. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமோ இச்சிக்கலை இன்னும் மிகுவிக்கின்றது. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவர் இரண்டு தலைமுறை இடைவெளியில் நிற்க, ஆராய்ச்சியாளர் அவர்களை ஒருவரெனக் கொண்டு மயங்குதல் எளிது.

அப்படியாயின் எதனைப் பற்றிச் செல்வது? 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு தமிழ் முதலிமாரின் அங்கீகாரத்தைப் பெற்று, பின்னர் ஆங்கிலேயரின் 1806ஆம் ஆண்டுப் பிரமாணத்தால் சட்டவலுவும் எய்திய தேசவழமை என்னும் வழமைச் சட்டத் தொகுதி, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்து, பிதாவழி வந்த முதுசம் ஆண்மக்களையும் மாதாவின் சீதனம் பெண்மக்களையும் சேர்தல் வேண்டுமென்று வரையறுத்தது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இம்முறையைப் பெரிதும் மாற்றியதெனினும், அதற்கு முற்பட்ட இரு நூற்றாண்டுகளில் தாயின் வளவு மகளுக்கும், மகளின் வளவு பேர்த்திக்கும் இறங்கிய தடம் சீதன உறுதிகளிலே எழுத்தாகவே கிடக்கின்றது. நொத்தாரிசு எழுதும் உறுதி, கொடுப்பவர், பெறும் மகள், மருமகன் ஆகியோரைக் கூறுவதோடு நில்லாமல், அக்காணி கொடுப்பவருக்கு எவ்வாறு உரித்தாயிற்று என்பதையும், இன்ன இலக்க உறுதிப்படி தன் தாயார் சீதனமாகத் தந்தது என்றாற்போல, எடுத்துரைக்கும். ஆகவே ஒரே தாளில் மூன்று தலைமுறைப் பெண்கள் பெயருடன் நிற்கக் காணலாம்; பிறிதெந்தச் சாசனத்திலும் இத்தகைய சௌகரியம் இல்லை. நான்கெல்லை கூறும் பகுதியும் புறக்கணிக்கத்தக்கதன்று. பத்துப் பரப்பு வளவை நான்கு சகோதரிகள் பங்கிட்டுக்கொண்ட குடும்பத்தில், எல்லைக் காணிக்காரரே இரத்த உறவினராய் இருப்பர். பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்கொள்வனவு உரிமையைத் தேசவழமை அளித்திருந்தமையால், காணி அந்நியர் கைக்குப் போவதும் அரிதாயிற்று.

ஒல்லாந்தரின் பதிவேடுகளாகிய காணித் தோம்பும் தலைத் தோம்பும், கோயிற்பற்றுகளில் வைக்கப்பட்ட பள்ளித் தோம்புகளும் உறுதிகளுக்கு முந்திய காலத்துக்கு உதவுவன. மிஷன் பதிவேடுகளை அணுகும்போதோ ஓர் எச்சரிக்கை அவசியம். 1823இல் அமெரிக்க மிஷனாரால் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற பிள்ளைகள் பலர் அமெரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். உதாரணமாக, சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். இப்பெயர்களைக்கொண்டு இரத்தத் தொடர்பைத் தேடுவது வீண். மிஷன் பதிவேடுகளிலும் மேலாக நான் மதிப்பது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் உறவினருக்கு வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவுமலர். அதன் வம்ச வரலாற்றுப் பகுதி இறந்தவரின் பெற்றோர், சகோதரர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் யாவரையும் நிரைப்படுத்துகின்றது. புகழுரை மிகுதியென்று அதனை ஒதுக்குவோர், புகழுரைக்கும் உறவுமுறை வரிசைக்கும் உள்ள பிரமாண வேற்றுமையை உணராதவரே. அதனைக் கையில் வாங்கும் சுற்றத்தார் ஒவ்வொருவரும் தம் பெயர் சரியாக உள்ளதா எனப் பார்ப்பவர்களாதலின், அதன் உறவு வரிசை அச்சேறிய அன்றே பரிசோதனைக்கு உட்பட்டுவிடுகின்றது.

இச்சாதனங்கள் வேகமாய் அழிகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஏடுகளும் எரிந்தன. 1990க்குப் பின் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோரின் வீடுகளோடு உறுதிப் பெட்டிகள் எத்தனையோ போயின. மீண்டு சென்றோர் பலருக்கு, வேலியும் எல்லைக்கல்லும் அழிந்த நிலத்தில் தம் வளவு எங்கே முடிகின்றதென்று தேட நேர்ந்தது.

ஆயினும் என் கூற்றுக்கு ஒரு பெரும் வரம்பு உண்டு, அதனை மறைத்தல் நீதியாகாது. காணியே உடையராக விடப்படாத மக்களுக்குச் சீதன உறுதி ஏது? தேசவழமையே அடிமைகளைப் பற்றி விதிகள் வகுத்திருக்கின்றது. 1844இல் அடிமைமுறை ஒழியும்வரை அவர்கள் சாசனங்களில் இடம்பெற்றது பெரும்பாலும் பிறருடைய ஆதனமாகவே. அக்குடும்பங்களின் வரலாறு முதியோரின் வாய்மொழியிலும், அவர்கள் தொழுத கோயில்களிலும், குடியிருந்த இடத்துக் காணிப் பெயர்களிலுமே எஞ்சியுள்ளது. உறுதி உடையோரின் வம்சத்தை எழுதுமுன், உறுதி இல்லாதோரின் முதியவர்களிடம் சென்று, அவர்தம் தாய், தாயின் தாய் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதுதலே இப்போது செய்யத்தக்க ஆராய்ச்சி.