பிங்க் மார்ட்டினி: பாடலின் மொழியைத் தேடிப் போகும் இசைக்குழு

ஜாஸ், ஸ்விங், லத்தீன் அமெரிக்கத் தாளங்கள், பழைய திரைப்பாடல்கள் எனப் பலவகை இசையையும் ஒரே மேடையில் வழங்கும் அமெரிக்கக் குழு பிங்க் மார்ட்டினி. 1994இல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் தொடங்கிய இக்குழு, ஏறத்தாழ 12 கலைஞர்களுடன் நாடு நாடாகச் சென்று வாசித்து வருகிறது. இதுவரை 20க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடியிருக்கிறது.

பொதுக்கூட்டங்களுக்காகப் பிறந்தது

குழுவைத் தொடங்கியவர் பியானோ கலைஞர் தாமஸ் லாடர்டேல். இண்டியானா மாநிலக் கிராமப்புறத்தில் செடி நாற்றுப் பண்ணையில் வளர்ந்தவர். ஆறு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து போர்ட்லாண்டில் அரசியல் பணிகளில் ஈடுபட்டபோது, ஒருநாள் நகர மேயராக வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

அங்கே நடந்த நிதி திரட்டும் கூட்டங்களின் இசை அவருக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கட்சிக்காரரும் எந்த வயதினரும் ரசிக்கும் இசை வேண்டும் என்று தாமே ஒரு குழுவை அமைத்தார். குடியுரிமைகள், கட்டுப்படியான வீடுகள், நூலகங்கள், பூங்காக்கள், பொது ஒலிபரப்பு ஆகியவற்றுக்காக நடந்த நிகழ்ச்சிகளில் அது வாசித்தது. மேயர் கனவு போய், இசைக்குழு நிலைத்தது. ஹார்வர்டில் உடன் படித்த சைனா ஃபோர்ப்ஸ் முதன்மைப் பாடகியானார்.

ஸ்விங் என்பது என்ன?

ஸ்விங் 1930களில் அமெரிக்க நடனக் கூடங்களில் புகழ்பெற்ற ஜாஸ் வகை. தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையும் இரு சம பாதியாகப் பிரியாமல், முதல் பாகம் சற்று நீண்டும் அடுத்தது குறுகியும் ஒலிக்கும். காலைத் தானாக ஆடவைக்கும் நடை அது. பிங்க் மார்ட்டினி இதனுடன் ரும்பா, சம்பா போன்ற தாளங்களையும் சேர்க்கிறது. பி. ரம்லி படப் பாடல்களில் ரும்பா, சா-சா-சா தாளங்களைக் கேட்டு வளர்ந்த மலேசிய, சிங்கப்பூர்க் காதுகளுக்கு இந்தக் கலவை அந்நியமாக இருக்காது.

மொழிபெயர்க்காமல் பாடுவது

வேற்றுமொழிப் பாடல் நம் காதில் விழுந்தால் அதை நம் மொழிக்குக் கொண்டுவருவது ஒரு வழி. "கே சரா சரா" என்ற ஆங்கிலப் பாடல் 1956இல் ஹிட்ச்காக் படத்தில் வந்தது. அடுத்த ஆண்டே "ஆரவல்லி" படத்தில் ஜிக்கியும் டி. வி. ரத்னமும் பாடிய "சின்னப் பெண்ணான போதிலே" என்ற தமிழ்ப் பாடலாக மாறியது. அதே "கே சரா சரா" பிங்க் மார்ட்டினியின் முதல் தொகுப்பிலும் உண்டு. ராட்டின இசைபோல மெதுவாக, கொஞ்சம் அச்சமூட்டும் விதமாக.

ஆனால் இக்குழுவின் பெரும்பாலான பாடல்கள் வேறு வழியில் செல்கின்றன. ஜப்பானியப் பாடலை ஜப்பானிய மொழியிலும், துருக்கிப் பாடலைத் துருக்கி மொழியிலும், அரபுப் பாடலை அரபியிலுமே பாடுகிறார்கள். பொருளும் உச்சரிப்பும் கற்றாக வேண்டும். தவறினால் அந்த மொழிக்காரர் முன் உடனே தெரிந்துவிடும். அந்தச் சிரமத்தை ஏற்பதால்தான் கேட்பவர் தம் பாட்டுக்கு மதிப்புக் கிடைத்ததாக உணர்கிறார்.

1997இல் வெளிவந்த "சாம்பாத்தீக்" இதற்குச் சான்று. லாடர்டேலும் ஃபோர்ப்ஸும் பிரெஞ்சு மொழியில் எழுதிய இப்பாடலை, எடித் பியாஃப் காலத்துப் பழைய பாடல் என்றே பலர் நினைத்தார்கள். பிரான்சின் தேசிய இசை விருதில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான பரிந்துரையும் கிடைத்தது.

மற்றொரு சான்று ஜப்பானியப் பாடகி சாவோரி யூகி. போர்ட்லாண்ட் இசைத்தட்டுக் கடையொன்றில் லாடர்டேல் அவரது பழைய தட்டைக் கண்டெடுத்தார். பல ஆண்டுகளுக்குப் பின், 2011இல், இருதரப்பும் சேர்ந்து "1969" என்ற தொகுப்பை வெளியிட்டன. மூத்த பாடகி ஒருவரை ஜப்பானியர் மீண்டும் தேடிக் கேட்கும்படி செய்தது ஓர் அமெரிக்கக் குழு.

சொந்தக் காலில்

பெரிய நிறுவனங்களை நம்பாமல் "ஹைன்ஸ் ரெக்கார்ட்ஸ்" என்ற சொந்த நிறுவனத்தின் வழியே தொகுப்புகளை வெளியிடுகிறார்கள். ஹைன்ஸ், லாடர்டேலின் நாயின் பெயர். எந்த மொழியில், எந்தப் பாடலைப் பாடுவது என்பதை அவர்களே முடிவு செய்ய முடிவதற்கு இதுவே காரணம்.

2011இல் ஃபோர்ப்ஸ் குரல்நாண் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டபோது, ஸ்டோர்ம் லார்ஜ் சில நாள்களில் பல மொழிப் பாடல்களைப் பாடம் செய்து மேடையேறினார். ஃபோர்ப்ஸ் குணமடைந்து திரும்பிய பிறகும் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்கள் "சாம்பாத்தீக்" (1997), "ஹாங் ஆன் லிட்டில் டொமேட்டோ" (2004), "ஹே யூஜீன்!" (2007), "கெட் ஹேப்பி" (2013) ஆகிய தொகுப்புகளில் தொடங்கலாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் முதலில் "கே சரா சரா"வைப் போட்டுக் காட்டுங்கள். மெட்டை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.