தென்னார்க்காட்டில் இரைப்பு நோயும் அதன் மருந்துகளும்

சிதம்பரத்தில் ஆடவல்லானின் சடையில் பிறையோடும் கங்கையோடும் ஊமத்தம்பூவையும் சூட்டிப் பார்த்த ஸ்தபதிகள், அந்தப் பூவைத் தரும் செடியின் இலைக்கு இரைப்பு நோயாளியின் மூச்சுக்குழலைத் தளர்த்தும் குணமுண்டு என்பதை அறிந்திருந்தார்களோ இல்லையோ, அது தானாக முளைத்துக் கிடந்த வேலியோரங்களில் வாழ்ந்த நாட்டு வைத்தியர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். உலர்த்திய ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கச் செய்வது அவர்கள் கண்ட முறை. அளவு சற்று மிகுந்தால் பிதற்றலும், இன்னும் மிகுந்தால் மரணமும் நேரக்கூடிய விஷமாதலால், கைதேர்ந்தவரன்றி மற்றவர் தொடத்தகாத சிகிச்சை அது. சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன் தமக்கு உற்ற இழுப்புக்கே இப்புகையைக் கைக்கொண்டார். ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802இல் அதனைச் சீமைக்குக் கொண்டுசென்று எடின்பரோ வைத்தியருக்கு அறிமுகப்படுத்தினார். பின்னர் அந்த நூற்றாண்டில் 'ஆஸ்துமா சிகரெட்' என்ற பெயரோடு ஊமத்தை இனத்துச் சுருட்டுகள் ஐரோப்பியக் கடைகளில் விலைபோயின. இன்று இன்ஹேலரில் அடைத்துத் தரப்படும் இப்ராட்ரோப்பியம் என்ற மருந்தும் ஊமத்தையிலுள்ள அட்ரோப்பினின் வழித்தோன்றலே.

ஊமத்தை இவ்வாறு கடல் கடந்து போக, தென்னார்க்காட்டிலேயே தங்கி வீட்டுச் சமையலோடு கலந்துவிட்டது தூதுவளை. சிதம்பரத்துக்கு அணித்தான மருதூரில் 1823இல் தோன்றி, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க வள்ளலார், மூலிகைகளின் குணங்களைத் தொகுத்தெழுதியதோடு, கரிசலாங்கண்ணி, வல்லாரை, தூதுவளை ஆகியவற்றை அன்றாட ஆகாரத்திற்குரியனவாகவும் விதித்துச் சென்றார். மார்கழிப் பனியும், தை மாதத்துக் களத்துமேட்டில் பறக்கும் நெல்தூசியும் நெஞ்சை அடைக்கும் காலத்தில், முள்ளை ஆய்ந்து நீக்கி நெய்யில் வதக்கிய தூதுவளைத் துவையலும், மிளகோடு கொதித்த ரசமும் இவ்வட்டாரத்து வீடுகளில் தவறாமல் இடம்பெற்றன. இது வெறும் நம்பிக்கையன்று. மிதமான இரைப்புடையோரை வைத்து நடத்தி 1999இல் வெளியிடப்பெற்ற ஒரு சிற்றாய்வில், 300 மில்லிகிராம் தூதுவளைப் பொடி உட்கொண்ட இரண்டு மணி நேரத்தில் அவர்கள் மூச்சை வெளிவிடும் வேகம் உயர்ந்தது. மூச்சுக்குழலைத் தளர்த்தும் ஆங்கில மருந்துகளில் அது டெரிபிலினுக்கு ஈடாகவும் சால்பியூட்டமாலுக்குக் குறைவாகவும் இருந்தது.

இவ்விரு மூலிகைகளுக்கும் பொதுவான ஓர் இயல்பை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டும் குறுகிய மூச்சுக்குழலை நோக்கிய மருந்துகள், கிருமியை நோக்கியவையல்ல. கிருமி என்பதையே அறியாதிருந்த அக்காலத்து வைத்தியம், நோய் இருக்குமிடத்தைத் தற்செயலாகவேனும் சரியாகத் தொட்டது. கிருமியைக் கண்டறிந்து கொல்லக் கற்றுக்கொண்ட நூற்றாண்டிலேதான் அந்தக் குறி பிசகிற்று.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பென்சிலின், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இந்நாட்டுச் சாமானியர்களை எட்டியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் துணைநிற்க, புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அடுத்த ஆண்டே சுதேசிப் பென்சிலினை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்று, ஆரோக்கிய ஸ்தலங்களில் மாதக்கணக்கில் கிடத்த வேண்டியதில்லை, தக்க மருந்தைக் கொடுத்தால் வீட்டிலிருந்தபடியே காசநோயாளி குணமடையலாம் என்பதை உலகறிய மெய்ப்பித்தது. மரண தண்டனை என்று அஞ்சப்பட்ட இருமல் மருந்துக்குப் பணிந்ததைக் கண்ட மக்கள், இருமல் என்று எது வந்தாலும் ஆன்டிபயாடிக்கே அதற்கு மாற்று என்று எண்ணத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

அந்நாளைய கிளினிக்கின் காட்சியை அறிந்தோர் இன்றும் பலர் உளர். ஸ்பிரிட் அடுப்பின்மேல் தகரப் பெட்டியில் கண்ணாடிச் சிரிஞ்சும் ஊசிகளும் கொதித்துக்கொண்டிருக்கும். கம்பவுண்டர் இடுக்கியால் அவற்றை எடுத்து, ரப்பர் மூடியிட்ட சிறு புட்டிக்குள் வடித்த நீரைச் செலுத்தி, வெண்பொடி கரையும்வரை உள்ளங்கையில் உருட்டி, முதலில் முன்கையின் தோலில் ஒரு சொட்டு 'டெஸ்ட் டோஸ்' ஏற்றிவிட்டுத் தடிப்பு எழுகிறதா என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு வலுவான காரணமுண்டு. பென்சிலின் ஒவ்வாமையால் நேர்ந்த மரணத்தை மருத்துவ ஏடுகள் 1949இலேயே பதிவு செய்துவிட்டன. அத்தகைய ஒவ்வாமை மூளும்போது இரைப்புடையோருக்கே அபாயம் அதிகம். அவ்வளவு எச்சரிக்கையோடு வழங்கப்பட்ட மருந்து, மாத்திரையாகவும் கேப்சூலாகவும் உருமாறி மெடிக்கல் ஷாப்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தபோது, காத்திருப்பும் எச்சரிக்கையும் ஒருங்கே கழன்றுபோயின.

"அண்ணே, வீசிங் அதிகமா இருக்கு, போன தடவை குடுத்த அதே செட்டக் குடுங்க" என்று கேட்டு வாங்கும் வழக்கம் இவ்விதமாக வேரூன்றியது. அந்தச் 'செட்'டுக்குள் சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, மூச்சுக்கு டெரிபிலின், சில வேளைகளில் சிறிதளவு ஸ்டீராய்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பளபளக்கும் ஓர் ஆன்டிபயாடிக் கேப்சூல். ஆஸ்துமாவில் மூச்சுக்குழலின் தசை இறுகுகிறது, உட்சவ்வு வீங்குகிறது; ஜலதோஷத்தை ஒட்டி அது மூண்டாலும் மூட்டிவிடுவது பெரும்பாலும் வைரஸே, ஆன்டிபயாடிக்குக்கு இலக்காகும் பாக்டீரியா அன்று. ஆகையால் அப்பொட்டலத்தில் வேலை செய்தவை டெரிபிலினும் ஸ்டீராய்டும். புகழ் போய்ச் சேர்ந்ததோ விலை மிகுந்த கேப்சூலுக்கு. வலிக்கென்று சேர்க்கப்படும் இபுப்ரோபென் போன்றவை பெரியவர்களில் சிலருக்கு இரைப்பைத் தூண்டிவிடுவதுமுண்டு. அடுத்த முறை மூச்சு முட்டும்போது, சென்ற முறை மருந்து போதவில்லை என்று கருதி இன்னும் வலிமையான கேப்சூலைத் தேடினால், வழக்கம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இந்த மருந்துகள் வெளியூர்ச் சரக்காக வந்த நிலையும் நீடிக்கவில்லை. உள்ளூரார் ஓ.டி. என்றழைக்கும் கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றங்கரையை ஒட்டிச் சிதம்பரம் சாலையில் 1980களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையில், ஷாசன் நிறுவனம் இபுப்ரோபெனை வடித்தது. ஸ்பிக் நிறுவனத்தின் மருந்துப் பிரிவு 1990களில் பென்சிலின்-ஜி உற்பத்தி செய்தது. பெருங்கலங்களில் சர்க்கரையும் மக்காச்சோள ஊறல் சாறும் உணவாகப் பெற்று, கிருமி நீக்கிய காற்றை இடைவிடாது உறிஞ்சி வளரும் பூஞ்சணம் கசியும் பொருளே பென்சிலின். அதனை நொதியால் பிளந்தெடுத்த கருவிலிருந்து ஆம்பிசிலினும் அமாக்சிசிலினும் பிறக்கின்றன. பின்னர்ச் சீனத்திலிருந்து வந்திறங்கிய மலிவுப் பென்சிலினோடு போட்டியிட ஏலாமல், இந்தியப் பென்சிலின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வேலையைக் கைவிட்டன.

ஆன்டிபயாடிக் பெரியவர்களுக்கு ஆஸ்துமாவை உண்டாக்குமா என்ற வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்ததும் இத்தகைய ஆலைகளிலிருந்துதான். லண்டனில் டேவிஸ், ஹென்ட்ரிக், பெப்பிஸ் என்னும் மூவர், பென்சிலின், ஆம்பிசிலின் தூள்களிடையே உழைத்த தொழிலாளரை ஆராய்ந்து, அத்தூளைச் சுவாசித்ததனாலேயே அவர்களுக்கு இரைப்பு மூண்டதென்று 1974இல் வெளியிட்டனர். அங்கே காரணமும் காரியமும் நேருக்கு நேர் நின்றன.

மருந்தை விழுங்கியவர்களின் விஷயமோ அவ்வளவு தெளிவானதன்று. கிருமிகளோடு பழகாத பிள்ளைகளுக்கே ஒவ்வாமை மிகுகிறது என்ற கருத்தை 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் முன்வைத்ததிலிருந்து, ஆன்டிபயாடிக் குடலின் நுண்ணுயிர்களைக் குலைத்து ஆஸ்துமாவுக்கு வழிகோலுகிறதா என்ற ஆராய்ச்சி பெருகிற்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000 முதல் 2014 வரை சிசுக்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதித்தருவது குறைய, சிறு பிள்ளைகளிடையே புதிய ஆஸ்துமாவும் 26 சதவீதம் குறைந்தது. பெரியவர்களிடத்தில் இக்கணக்கு எளிதில் நேராவதில்லை. இன்னும் பெயரிடப்படாத ஆஸ்துமாவின் முதல் இருமலுக்கே கேப்சூல் கொடுக்கப்பட்டுவிடுவதால், மருந்துக்குப் பின் நோய் வந்ததா, நோய்க்குப் பின் மருந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம். அவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதுமன்று: ஆஸ்துமா முற்றி வந்த பெரியவர்களுக்கு அசித்ரோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனில் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனைக்காக 4,582 பேரைப் பரிசீலித்ததில், 2,044 பேர் ஏற்கெனவே ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்ததால் விலக்கப்பட்டனர், சேர்க்க முடிந்தவர் 199 பேர், அவர்களிடத்திலும் பயன் காணப்படவில்லை. அதே மருந்தை நீண்ட நாள் கொடுத்தால் நாட்பட்ட நோயாளிகளுக்கு நோய் முற்றுவது குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2017இல் கண்டதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆயினும் அது வைத்தியர் தேர்ந்து விதிக்கும் சிகிச்சை, செட்டோடு வாங்கும் பண்டமன்று.

இதற்கிடையில் காற்று என்ற பழைய காரணி இவ்வட்டாரத்தில் புதிய வடிவெடுத்தது. சிப்காட்டைச் சூழ்ந்த ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் 2004 முதல் தாங்களே கண்காணிப்பாளராகி, அழுகிய முட்டை வாடை எந்நேரம் வந்தது, நகப்பூச்சு வாடை எத்திசையிலிருந்து வந்தது என்று குறித்துவைத்து, வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினர். அதில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள் இருந்ததாக அவர்கள் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. வாசற்படியில் நிற்கும் காற்றுக்கும் வாய்க்குள் போகும் கேப்சூலுக்கும் இரைப்பில் பங்கு எவ்வளவெவ்வளவு என்று நிர்ணயிக்க வேண்டுமானால், இரண்டுக்கும் குறிப்பேடு வேண்டும். காற்றுக்கு அக்கிராமத்தார் ஏடு வைத்தனர். கேப்சூலுக்கு வைத்தவர் யார்?

சர்க்கார் ஒரு முயற்சி செய்தது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணைப்படி, 46 மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதித்தந்த வைத்தியரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் பதிந்து மூன்றாண்டு காக்க வேண்டும். ஆனால் பென்சிலின் வம்சத்தில் மிகுதியாகச் செலவாகும் அமாக்சிசிலின் அப்பட்டியலில் சேரவில்லை. செட்டுக்குள் போன கேப்சூல் ஏட்டுக்குள் வரவேயில்லை. அண்ணாமலைநகரில் 1985இல் ராஜா முத்தையா பெயரால் தொடங்கி, 2021இல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக மாறிய நிறுவனமும், ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ள மாவட்டம் இது. மூச்சின் அளவை ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்த்துப் பதிந்தபின் தேவைப்பட்டால் மட்டும் ஆன்டிபயாடிக் எழுதுவதும், எழுதியதையும் விற்றதையும் கணக்கில் கொண்டுவருவதும் இங்கே கைகூடாத காரியங்களல்ல. அவை கைகூடும் வரையில், ஆன்டிபயாடிக் பெரியவர்களுக்கு ஆஸ்துமாவைத் தருகிறதா என்ற கேள்விக்குக் கடலூரிலிருந்து விடை பிறக்காது. ஆஸ்துமா மூளுந்தோறும் ஆன்டிபயாடிக்கைத் தருவது வீண் என்ற விடைக்கோ எந்த ஏட்டுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.