ரத்தம், மண்ணீரல், உயிரணு: வெக்கை நோய்த் தடுப்பூசிக்கு விலங்குகள் தந்தவை

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மண்ணூர், ஒரகடம் என்று இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் ஊர்கள் ஏர்மாட்டை நம்பி வாழ்ந்தவை. அந்நாளில் குடியானவர் பெரிதும் அஞ்சியது மாட்டு வெக்கைக்கு. முதலில் கடுங்காய்ச்சல், பிறகு வாய்ப்புண், அதன்பின் நாற்றமடிக்கும் கழிச்சல். பத்துப் பன்னிரண்டு நாளில் தொழுவம் காலி. அந்நோய் இன்று உலகிலேயே இல்லை. அதை ஒழித்த தடுப்பூசி யாருடைய உடலில் உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆய்வக விலங்கு என்றதும் வெள்ளை எலிதான் நம் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டுக் கால்நடை மருத்துவத்தைப் பொறுத்தவரை இந்த வரலாற்றை மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. 1889இல் புனேயில் தொடங்கிய அரசு நுண்ணுயிரியல் ஆய்வகம் 1893இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேஸ்வருக்கு மாறியது. ஊர்களை விட்டு விலகிய மலைமேல் இருந்தால் கிருமி கீழே பரவாது என்பது கணக்கு. அங்கு முதலில் தயாரானது சீரம். நோயை வென்ற மாட்டுக்கு மேலும் மேலும் கிருமி ஏற்றி, எதிர்ப்பாற்றல் உச்சத்தை எட்டியதும் கழுத்துச் சிரையில் ரத்தம் வடித்துச் சீரத்தைப் பிரித்தார்கள். சென்னை மாகாணத்தில் இதே பணிக்காக 1932இல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் செல்லும் சாலையில் இன்றும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக அது இயங்குகிறது. சீரம் தந்த பாதுகாப்போ சில நாள்களுக்குத்தான். நிலையான எதிர்ப்பு வேண்டுமென்றால் சீரத்தோடு நோயுற்ற மாட்டின் ரத்தத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தில் உண்ணி பரப்பும் ஒட்டுண்ணிகளும் கலந்து வந்தன. வெக்கைக்குத் தப்பிய மாடு வேறொரு காய்ச்சலில் விழுந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1920களில் முக்தேஸ்வரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் ஆட்டைக் கையிலெடுத்தார். மாட்டின் ஒட்டுண்ணி ஆட்டின் உடலில் தங்காது என்பதால் சுத்தமான கிருமி கிடைக்கும் என்பது மட்டுமே அவர் நோக்கம். ஆட்டுக்கு ஆடு மாற்றி வளர்த்துக்கொண்டே போனபோது கிருமியின் வீரியம் தணிந்தது. மாட்டுக்கு இலேசான காய்ச்சல் மட்டும் வந்து எதிர்ப்பாற்றல் வாழ்நாளுக்கும் நின்றது. தேடாமல் கிடைத்த இந்த வரமே 1954இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் அச்சாணி ஆயிற்று.

அந்தத் தடுப்பூசி எப்படித் தயாரானது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நலமான ஆட்டைத் தேர்ந்து கிருமியை ஏற்றுவார்கள். வெப்பமானியை வைத்து அதன் காய்ச்சலைக் குறித்துவருவார்கள். உச்சத்தை எட்டியதும் ஆட்டைக் கொன்று மண்ணீரலை எடுத்து, அரைத்து, உறைநிலையில் உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள். ஒரு மண்ணீரல் பல மாடுகளைக் காத்தது. அந்த ஆடுகளுக்குப் பெயரில்லை, அவற்றின் சார்பில் கேட்கக் குழுவும் இல்லை. கால்நடை மருத்துவ வரலாறு எழுதுவோர் இவற்றை ஒரு வரியில் கடந்து போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆடு உயிர் பிழைத்தது முதலில் சட்டத்தால் அல்ல, கண்ணாடிக் குடுவையால். 1960இல் கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட், கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் கிருமியைச் சுமார் 90 தலைமுறை வளர்த்து, கலப்பின மாட்டுக்கும் கேடு செய்யாத தடுப்பூசியை உருவாக்கினார். இந்தியாவில் ஆட்டுத் திசுத் தடுப்பூசியின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்தது. கன்றின் சிறுநீரகம் அப்போதும் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் காய்ச்சலில் துடிக்கும் உயிர் தேவைப்படவில்லை.

அதே 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. சோதனைகளைக் கண்காணிக்கும் குழு 1964இல் அமைந்தது. நிறுவனங்கள் பதிவுபெற வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும் என்ற விதிகளுக்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வக விலங்கு மருத்துவம் தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995இல் பதிவானது, ராணிப்பேட்டையை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில். பிறகு தடுப்பூசி போடுவது நிறுத்தப்பட்டது. நோய் ஒழிந்ததை மெய்ப்பிக்க ஊர் ஊராகச் சென்று மாடுகளின் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் நோயற்றவையாக அறிவிக்கப்பட்டன. ஒரு காலத்தில் சீரத்துக்காக உடல் தளரும் அளவுக்கு ரத்தம் கொடுத்த மாட்டிடம் கடைசியாகக் கேட்டது ஒரு சிறு குழாய் ரத்தம். எடுத்ததும் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து மேய்ச்சலுக்கு விட்டார்கள்.