தூசி உறிஞ்சும் யந்திரம்: ஆயுளும் தேர்வும்

பேச்சு வழக்கில் வேக்கம் கிளீனர் எனப்படும் தூசி உறிஞ்சும் யந்திரம், மோட்டாரால் சுழலும் விசிறி காற்றை வெளியே தள்ளுவதால் உள்ளே உண்டாகும் குறைந்த அழுத்தத்தைக் கொண்டு, தரையிலும் விரிப்பிலும் மெத்தையிலும் படிந்த தூசியை இழுத்துப் பையிலோ கலத்திலோ சேர்க்கும் கிருக சாதனமாகும். 1901-இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் அமைத்த யந்திரம், குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சாளரங்களின் வழியே வீட்டுக்குள் செலுத்தி வேலை வாங்கும் அளவுக்குப் பெரிதாயிருந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் துப்புரவுப் பணி செய்துவந்த, ஆஸ்துமாவால் வருந்திய ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர், விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கழியையும் இணைத்துச் செய்த சிறு யந்திரத்துக்கு 1908-இல் காப்புரிமை பெற்ற பின்னரே, அது குடும்பங்களின் உடைமையாகும் வழி பிறந்தது. இந்தியாவில் 1982-இல் தோன்றிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள், வீடு தேடி வந்து இயக்கிக் காட்டி இதைப் பரவச் செய்தனர்.

இந்த யந்திரத்தின் ஆயுளை ஆண்டுகளால் சொல்வது வழக்கமெனினும், ஓடிய மணிகளால் அளப்பதே நியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இயற்றிய விதி, 2017 செப்டம்பர் முதல் விற்கப்படும் யந்திரங்களின் மோட்டார் குறைந்தது 500 மணி ஓடவேண்டும் என்றும், குழாய் 40,000 முறை இழுத்து வளைக்கப்பட்ட பின்னும் உபயோகத்துக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்றும் வகுத்தது. வாரத்துக்கு ஒரு மணி ஓட்டும் வீட்டில் 500 மணி என்பது ஏறக்குறைய பத்து ஆண்டு. தினமும் அரைமணி ஓட்டும் வீட்டிலோ மூன்று ஆண்டுக்கும் குறைவு. ஆகவே ஒரே யந்திரத்தை வாங்கிய இரு குடும்பங்கள் அதைப் பற்றி நேர்மாறான அபிப்பிராயம் கொள்வதில் வியப்பில்லை.

மின்கம்பியோடு ஓடும் யந்திரங்களுள் பெரும்பாலானவற்றில் இருப்பது, நம் மிக்ஸியில் இருப்பதைப் போன்ற கார்பன் பிரஷ் மோட்டார். நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் ஆர்மேச்சரின் முனையில், செப்புத் தகடுகளை வரிசையாகப் பதித்த வளையத்தின்மேல், விரலின் ஒரு கணு அளவே உள்ள இரண்டு கார்பன் கட்டைகள் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டு ஓயாமல் உராய்வதால், அவை பென்சில் முனைபோல் தேய்ந்துகொண்டே வருகின்றன. தேய்ந்து குட்டையானதும் ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து, நீலப் பொறி பெருகி, செப்பு வளையம் கறுத்துக் குழி விழுகிறது. கருகிய வாடை வரும் அந்தத் தருணத்திலேயே கார்பனை மாற்றியிருந்தால் சிறு செலவில் பிழைத்திருக்கக்கூடிய மோட்டார், ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டதனால் ஆர்மேச்சரோடு போய்விடுகிறது.

கார்பன் தேய்வதைக் காட்டிலும் பெரிய சத்துரு உஷ்ணம். ஈரத்தையும் உறிஞ்சும் வகைகள் சிலவற்றில் மோட்டாருக்குத் தனிக் காற்று வழி உண்டு. ஆனால் உலர்ந்த தூசிக்கென்றே செய்தவற்றில், உறிஞ்சி வடிகட்டிய காற்றேதான் மோட்டாரின் சுருள்களைத் தழுவிச் சென்று அவற்றைக் குளிர்விக்கிறது. பை நிரம்பினாலோ வடிகட்டியின் நுண்துளைகள் அடைபட்டாலோ காற்று குறைந்து, சுமை நீங்கிய விசிறி முன்னிலும் வேகமாகச் சுழல, யந்திரத்தின் குரல் கீச்சென்று ஏறுகிறது. வலுவாக இழுக்கிறது என்று பலர் தவறாக மகிழும் அந்தக் குரல், உண்மையில் மோட்டார் மூச்சுத் திணறும் குரல். சுவரைச் சுரண்டிய சுண்ணாம்பு, சிமெண்ட், பூஜையறையில் சிந்திய விபூதி ஆகிய நுண்பொடிகள், பை பாதி நிரம்புமுன்பே அதன் துளைகளை அடைத்துவிடுவதால், அவற்றைத் துடைப்பத்துக்கும் ஈரத் துணிக்கும் விட்டுவிடுவதே உசிதம்.

தேர்ந்தெடுக்கும்போது, பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அது யந்திரம் வாங்கும் மின்சக்தியைச் சொல்கிறதேயன்றி உறிஞ்சும் ஆற்றலையோ ஆயுளையோ சொல்லவில்லை. மேற்படி ஐரோப்பிய விதியே மின்சக்தியின் உச்ச வரம்பை 2014-இல் 1600 வாட்டாகவும் 2017-இல் 900 வாட்டாகவும் குறைத்தது. கடையில் கேட்கவேண்டியவை வேறு: கார்பன், பெல்ட், ஹோஸ், வடிகட்டி, பை ஆகியவை தனித்தனியே கிடைக்குமா, உள்ளூரில் பழுது பார்ப்பவர் உண்டா, மூடியைத் திருகாணியால் கழற்றலாமா அல்லது உடைத்தே திறக்கவேண்டுமா. ஹோஸை, அதன் கைப்பிடி சேரும் கழுத்தில் வளைத்துப் பார்ப்பது நல்லது, முதல் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. கலம் உடையவற்றைவிடப் பை உடையவற்றில் தூசி மோட்டாரை அணுகுவது அரிது என்பதால், பைச் செலவைப் பொருட்படுத்தாமல் அவற்றையே நான் மேலாகக் கருதுகிறேன்.

கம்பியில்லாத வகைகளின் நவீன மோட்டார்கள் பலவற்றில் கார்பனே இல்லை. அங்கே முதலில் தளர்வது பேட்டரி. லித்தியம் செல்கள் 300 முதல் 500 முறை சார்ஜ் ஏற்றிய பின் கொள்ளளவில் கண்கூடாகக் குன்றுவது சாதாரணம். ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் ஏற்றினால் 500 முறை மூன்று ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். ஆதலால் பேட்டரியைக் கையால் கழற்றி மாற்ற இயலாத யந்திரத்தை, அது எவ்வளவு அழகாயிருப்பினும், நீடித்து உழைக்கும் வகையில் சேர்ப்பதற்கில்லை.