இறந்தவங்களை குளோனிங் மூலம் திரும்பக் கொண்டுவர முடியுமா? ‘ரெப்ளிகாஸ்’ படத்தின் கதை என்ன?

கார் விபத்தில் மனைவி, மூன்று பிள்ளைகள் என மொத்தக் குடும்பமும் போய்விட்டது. அவர்களை குளோனிங் மூலம் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கு. ஆனா நாலு பேரில் மூணு பேரைத்தான் கொண்டுவர முடியும். யாரை விடுவது?

கீனு ரீவ்ஸ் நடித்த ‘ரெப்ளிகாஸ்’ படத்தின் உயிரே இந்தக் கேள்விதான். ஜெஃப்ரி நாக்மனாஃப் இயக்கிய இந்தப் படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது 2019 ஜனவரியில்.

கதை என்ன?

இறந்துபோன ராணுவ வீரர்களின் நினைவுகளை ரோபோவுக்குள் ஏற்ற முயலும் விஞ்ஞானி வில் ஃபாஸ்டர். போர்ட்டோ ரிக்கோவில் வேலை. குடும்பத்தை இழந்ததும் போலீஸுக்குப் போகாமல், நண்பர் எட் உதவியுடன் வீட்டிலேயே குளோன் வளர்க்கத் தொடங்குகிறார். 17 நாள் கணக்கு. உடல் வளர்க்கும் தொட்டிகள் மூன்றுதான் கிடைக்கின்றன. சீட்டுக் குலுக்கிப் போடுகிறார். வருவது கடைக்குட்டி ஸோயியின் பெயர்.

இதற்குப் பிறகு வருவதுதான் கலங்கடிக்கும் விஷயம். ஸோயி எங்கே என்று மற்றவர்கள் கேட்கக் கூடாதே! அதனால் மூவரின் மூளைப் பதிவிலிருந்தும் அவளை அழித்துவிடுகிறார். பெற்ற தாய்க்கே அப்படி ஒரு மகள் இருந்தது தெரியாது. அழுவதற்கு மிச்சம் இருப்பது அப்பா ஒருவர்தான்.

படம் என்னவோ ஓடவில்லை. விமர்சகர்களும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பின்பாதி துரத்தலைப் பார்த்தால் அதில் நியாயமும் இருக்கு. ஆனா அந்தச் சீட்டுக் காட்சி மனசை விட்டுப் போகாது.

நிஜத்தில் இது நடக்குமா?

நடக்காது. 1996-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆட்டையே எடுத்துக்குவோம். வளர்ந்த ஆட்டின் மடி செல்லில் இருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் வைத்தார்கள். 277 முயற்சிகளில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் குட்டியாகத்தான் பிறந்தது, 17 நாளில் வளர்ந்த ஆடாக எழுந்து நிற்கவில்லை.

அப்படின்னா குளோன் என்பது யார்? தாமதமாகப் பிறந்த இரட்டைப் பிள்ளை மாதிரி, அவ்வளவுதான். மரபணு ஒன்றாக இருக்கலாம். ஆனால் வாழ்ந்த வாழ்க்கையின் நினைவுகள் அதில் எழுதப்படுவதில்லை. சீனாவில் குரங்குகளையும் குளோன் செய்துவிட்டார்கள், 2018-ல் அறிவிப்பு வந்தது. மனிதக் குளோன் பிறந்ததாக மட்டும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பிரிட்டன் 2001-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

ஆனால் துக்கத்துக்காக குளோனிங் செய்வது நடந்துகொண்டுதான் இருக்கு, செல்லப் பிராணிகளில். ஹாலிவுட் நடிகையும் பாடகியுமான பார்பரா ஸ்ட்ரெய்சாண்ட், தன் நாய் சமந்தா 2017-ல் இறந்த பிறகு, அதன் செல்களிலிருந்து இரண்டு குட்டிகளைப் பெற்றார். இரண்டுக்கும் குணம் வேற வேற என்று அவரே சொன்னார். வளர்ந்த பிறகாவது சமந்தாவின் பழுப்புக் கண்களும் அந்தச் சீரியஸான குணமும் வருமா என்று காத்திருப்பதாகவும் சொன்னார்.