சேற்றில் பிறந்த சங்கிலி

திருத்துறைப்பூண்டியில் பிறந்தவனுக்கு 'டாங்க்' என்றால் குளம். கோயில் குளங்களையும் ஏரிகளையும் வெள்ளைக்காரன் தன் தஸ்தாவேஜுகளில் அந்தப் பெயரால்தான் குறித்து வைத்தான். பீரங்கியைச் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும் இரும்புப் பூதத்துக்கும் அதே பெயர்தான் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டபோது, "குளம் எப்படி சார் சண்டைக்குப் போகும்?" என்று வாத்தியாரைக் கேட்டேன். அவர் என் காதைத் திருகினார். பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில் போன தை மாதம் முள்ளியாற்றுப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடைத்தது.

எங்களுக்கு மிச்சமிருக்கிற பத்து மா நிலத்தில் சம்பா சாய்ந்து கிடந்தது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டயர் வைத்த அறுப்பு மெஷின் அந்தச் சேற்றில் இறங்காது. பெல்ட் மெஷின்தான் வேண்டும். வந்தது, பாதி வயலில் பெல்ட் கழன்று நின்றுவிட்டது. ரிப்பேருக்கு ஒருவரை அழைத்து வந்தார்கள். ராணுவத்தில் டாங்கிப் பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கழற்றிய உருளையை எடுத்துக்கொண்டு தம் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கொல்லையில் கீற்றுக் கொட்டகை, அதுதான் பட்டறை.

"ஐயா, டாங்கிக்கும் இதுக்கும் மேலே இருக்கிறதுதான் வித்தியாசம். கீழே ரெண்டும் ஒண்ணு" என்றார்.

அவர் சொன்னது சரித்திரபூர்வமான உண்மை. அமெரிக்காவில், கலிபோர்னியாவிலும் ஒரு டெல்டா உண்டு. ஸ்டாக்டன் என்ற ஊரைச் சுற்றியிருந்த அந்த வண்டல் பூமியில், நீராவி டிராக்டர்கள் அச்சு முழுகப் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கினால் புதையாது என்று பார்த்தார்கள். அகலம் ஏறிக்கொண்டே போய், பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் செய்த ஒரு வண்டியின் மொத்த அகலம் 46 அடி ஆகிவிட்டது! அதைத் திருப்புவதற்கே ஒரு வயல் வேண்டும். கடைசியில் 1904 நவம்பர் 24-ம் தேதி, பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பூட்டிய சங்கிலியை மாட்டி உழுது பார்த்தார். புதையவில்லை. நாம் சேற்றில் பலகை போட்டு நடப்பதில்லையா? சங்கிலி என்பது தனக்கு முன்னால் தானே பலகை போட்டுக்கொண்டு, பின்னால் தானே எடுத்துக்கொள்ளும் வித்தை, அவ்வளவுதான். அதைப் பார்த்த ஒரு புகைப்படக்காரர் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறது என்றாராம். அந்தப் பெயரே நிலைத்தது.

பத்து வருஷத்தில் உலக யுத்தம் வந்தது. ஹோல்டின் டிராக்டர்கள் பீரங்கிகளை இழுத்தன. அவற்றைப் பற்றி அறிந்திருந்த ஸ்விண்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரிக்கு, இதற்கே இரும்புக் கவசம் போட்டால் என்ன என்று தோன்றியது. 1915-ல் அதைச் செய்து பார்த்த கம்பெனி எது தெரியுமா? லிங்கன் நகரத்து வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனி. கதிரடிக்கும் யந்திரம் செய்து விற்றவர்கள். ரகசியம் வெளியே போகாமலிருக்க, செய்வது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். தொட்டிக்கு ஆங்கிலத்தில் டாங்க். என் வாத்தியார் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். 1916 செப்டம்பர் 15-ம் தேதி, பிரான்சில் சோம் யுத்தகளத்தில் அந்தத் 'தொட்டி'கள் முதன்முதலாக மனிதர்கள் மேல் ஏறிச் சென்றன.

வயலில் பிறந்தது களத்துக்குப் போய், மறுபடி வயலுக்குத் திரும்பியதும் உண்டு. 1947-ல் நம் சர்க்கார் மத்திய டிராக்டர் நிறுவனத்தை ஆரம்பித்தபோது, அமெரிக்க ராணுவம் விட்டுப் போன டிராக்டர்களைப் பழுதுபார்த்துத்தான் மத்திய இந்தியாவில் மண்டிக் கிடந்த நாணலை வேரோடு உழுது எடுத்தார்கள். இன்னொரு பக்கம், 1965-ல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. நம் பட்டறைக்காரர் கை பழகியது அதில்தான்.

அவரிடம் அமெரிக்காவில் இருந்த ஜாக் லிட்டில்ஃபீல்டு என்பவரைப் பற்றிச் சொன்னேன். கலிபோர்னியாவில் தம் வீட்டை ஒட்டிய பட்டறையில் பழைய டாங்கிகளைச் சேர்த்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துருவை எடுத்து, மறுபடி ஓட வைத்தவர் அவர். போலந்து நாட்டு ஆற்றில் மூழ்கிக் கிடந்த ஜெர்மானிய பாந்தர் ஒன்றைப் பல வருஷம் பாடுபட்டுச் சீர்திருத்தினார். 2009 ஜனவரியில் அவர் காலமாவதற்குச் சற்று முன்புதான் அந்த வேலை முடிந்தது. ரஷ்யக் குளிரில் பாந்தரின் நெருக்கமான சக்கரங்களுக்கு இடையே சேறு உறைந்து, விடிந்ததும் வண்டி அசைய மறுத்துவிடுமாம்.

"இங்கேயும் அதே கதைதான். ராத்திரி கழுவாம விட்டா, காலையிலே நம்ம களிமண்ணு சிமிட்டி மாதிரி பிடிச்சுக்கும். உங்க வண்டி நின்னதும் அதனாலேதான்" என்று சிரித்தார்.

"ஒரு பழைய விஜயந்தாவைக் கொடுத்தால் இந்தக் கொட்டகையில் வைத்து அப்படிச் சீர்செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஐயா? இரும்பு நல்லா இருந்தா வெட்டி உருளை கடைஞ்சுக்குவேன்."

"சரித்திரம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டாமா?"

அவர் பதில் பேசாமல் கொட்டகைத் தூணைக் காட்டினார். அங்கே ஒரு கதிர் அரிவாள் செருகியிருந்தது. பிடி தேய்ந்திருந்தது, ஆனால் அலகில் துருவே இல்லை, எண்ணெய் பூசியிருந்தது.

"அம்மாவோடது. உங்க தாத்தா காலத்திலே உங்க வயல்லேயும் அறுத்திருக்காங்க."

எனக்குப் பேச்சு எழவில்லை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட தகராறில்தான் 1968 டிசம்பர் 25-ம் தேதி கீழவெண்மணியில் 44 பேரைத் தீக்கு இரையாக்கினார்கள். அன்று அத்தனை உயிரை விலை கேட்ட கூலி, பெல்ட் மெஷின் வந்த பிறகு சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று. ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லுவேன். ஆனால் அந்த அறுப்புக்கு நான் ஒரு வீட்டு வாசலிலாவது போய்க் கூப்பிட்டேனா என்றால், இல்லை.

"அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்ட மெஷினையே நீங்கள் ரிப்பேர் செய்கிறீர்களே!" என்றேன், என் குற்றத்தில் பாதியை அவர் மேல் சுமத்திவிடலாம் என்பதுபோல.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உருளையில் கிரீஸை அடைத்தபடி, "குனிஞ்சு குனிஞ்சு அவங்களுக்கு முதுகு நிமிரவே இல்லை ஐயா. மெஷின் வந்தப்ப, நல்லதுன்னுதான் சொன்னாங்க. அப்புறம், அடுப்புக்கு என்ன வழின்னும் கேட்டாங்க. ரெண்டும் அவங்க சொன்னதுதான்" என்றார்.

சாயங்காலத்துக்குள் பெல்ட் மாட்டியாயிற்று. மெஷின் நகர்ந்தது. மடியில் கிடந்த நெல்லை எல்லாம் வாரிக்கொண்டு அது போன பிறகு, ஈரச் சேற்றில் இரண்டு நீளத் தடங்கள் பதிந்திருந்தன. நான் வரப்பில் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.